முதுகுக்கு ஊசி போட்ட அன்று தூங்கிவிடாதீர்கள்

போன மாதம் ஓர் அக்கா வந்தார். சிங்கப்பூர் தேக்காவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கையில் நான்காக மடித்த தாள், முதுகு ஊசிக்குப் பின் வலி எவ்வளவு என்று எழுதச் சொல்லிக் கொடுத்தது. விரித்தால் எல்லாக் கட்டமும் காலி. "ஊசி போட்டாங்க தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். "தூங்கிட்டேனே!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அக்கா மேல் அல்ல. ஏழு வருடத்துக்கு முன் இதே மாதிரி வெற்றுத் தாளைக் கொண்டுபோய் நீட்டியவன் நான். அதுவும் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டே.

மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) பாரம், துணைக்கு ஆள், அன்று வண்டி ஓட்டக் கூடாது என்பதையெல்லாம் மிஸ்ஸியே, அதாவது நர்ஸே, சொல்லிவிடுவார். அதை நான் எழுதப் போவதில்லை. நாம் செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

சோதனை ஊசியைச் சிகிச்சை என்று நினைப்பது

முதுகெலும்பின் பின்பக்கம், இடமும் வலமுமாகச் சின்னச் சின்ன மூட்டுகள் உண்டு. பேசட் மூட்டு என்பார்கள். அவை தேய்ந்தவர்களுக்குப் பின்னால் சாய்ந்தாலோ நெடுநேரம் நின்றாலோ இடுப்பு வலிக்கும். கழுத்தில் என்றால் திரும்பிப் பார்க்கும்போது பிடிக்கும். அந்த வலியை மூளைக்குக் கொண்டுபோவது மெல்லிய நரம்புக் கிளைகள். டாக்டர் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அந்த நரம்பருகே அரை மில்லி அளவுக்கு மரப்பு மருந்து விடுகிறார். லிக்னோகெயின் என்றால் ஓரிரு மணி நேரம், பியூப்பிவகெயின் என்றால் கூடச் சில மணி நேரம் வேலை செய்யும். வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஊசி. பதில் நம்மிடமிருந்துதான் வர வேண்டும்.

ஆமாம் என்று தெரிந்தால்தான் ரேடியோ அலையால் அந்த நரம்பைச் சுடுவார்கள், சுமார் 80 டிகிரியில் ஒன்று, ஒன்றரை நிமிடம். ஒரு சோதனை ஏமாற்றிவிடும் என்பதால் பல டாக்டர்கள் வேறொரு நாள் இரண்டாவது முறையும் சோதிப்பார்கள்.

நான் என்ன செய்தேன்? எம்சி (மருத்துவ விடுப்பு) கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து ஏர்கானைப் போட்டுப் படுத்தேன். படுத்தால் எனக்கு எப்போதுமே வலிக்காது! எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, மருந்தும் தீர்ந்திருந்தது. போதாததற்குக் காலையிலேயே வலி மாத்திரை வேறு. மறு வாரம் டாக்டர், "எத்தனை சதவீதம் குறைந்தது?" என்றார். "பரவாயில்லை டாக்டர்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். மறுபடி அதே மேசை, அதே பில், அதற்கு நடுவே ஆறு வாரம்.

அதனால் அக்காவிடம் சொன்னேன். ஊசிக்கு முன்னால் எது வலிக்குமோ அதைச் செய்து பார்த்துப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். அவருக்குத் தோசைக்கல் முன் பத்து நிமிடம் நின்றால் ஏழு. ஊசிக்குப் பின், கால் மரக்கவில்லை, தலை சுற்றவில்லை என்று பார்த்துக்கொண்டு அதே இடத்தில் அதே பத்து நிமிடம் நிற்க வேண்டும். அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம், நின்றால் போதும். மணிக்கொரு தரம் எண்ணை எழுத வேண்டும். அன்று வலி மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். "மயக்கம் கொடுத்துவிடுங்கள்" என்று அடம்பிடிக்கவும் கூடாது. தூக்கக் கலக்கத்தில் சொல்லும் எண்ணை யார் நம்புவது?

ஸ்டீராய்டை மறுநாளே திட்டுவது

நரம்பு வேர் நசுங்கிக் காலுக்கு வலி ஓடுகிறவர்களுக்குப் போடும் எபிடியூரல் வேறு கதை. அது முதுகெலும்புக்குள், நரம்புகளைச் சுற்றியுள்ள இடத்தில், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தை விடும் ஊசி. போட்ட அன்று மரப்பு மருந்தால் சுகம், மறுநாள் பழைய வலி. ஸ்டீராய்டு வேலையைக் காட்டச் சில நாள், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும்.

சர்க்கரையை மறப்பது

ஸ்டீராய்டு உள்ளே போனால் சில நாளைக்குச் சர்க்கரை எகிறும். என் மாமாவின் சர்க்கரை மீட்டர் 8லிருந்து 16 மில்லிமோலுக்குத் தாவியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று பேட்டரியை மாற்றினார் மனிதர். ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி, அந்த நாட்களில் மருந்தளவு என்ன என்று கேட்டு வையுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை

வார்பரினோ குளோபிடோகிரெலோ, நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைச் சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்கவும் செய்யாதீர்கள்.

வலி போனதும் காவடி

மிகைப்படுத்தவில்லை. எபிடியூரல் போட்ட மூன்றாம் வாரம் தைப்பூசம் வர, ஒருவர் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி தூக்கி நடந்தே போனார். முருகனைக் குறை சொல்ல மாட்டேன், முதுகெலும்புக்கு இடையிலுள்ள டிஸ்க்குக்கு வேண்டுதல் தெரியாது. ஊசியின் பலன் சில வாரம், கூடிப்போனால் சில மாதம். சுட்ட நரம்பும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் மறுபடி வளரலாம். அதற்குள் இடுப்புத் தசைக்குப் பயிற்சி செய்துவிட வேண்டும். வலியோடு செய்யச் சொன்னால் யாரும் செய்வதில்லை, நானும் செய்யவில்லை.

அப்பாயின்ட்மென்ட் வரை பொறுப்பது

காய்ச்சல், நாளாக நாளாகக் கூடும் கால் பலவீனம், சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ போவது, தொடையிடுக்கில் மரப்பு. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு.