கம்பைலர் மாறும்போது ஸ்ட்ரக்ட் குழம்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஃபைலில் எழுதும், அல்லது ஒயரில் (நெட்வொர்க் போன்றவற்றில்) அனுப்பும் ஸ்ட்ரக்ட் (பல மெம்பர்களை ஒன்றாகக் கட்டிய டேட்டா தொகுப்பு) இருக்கிற சி கோடை வேறு கம்பைலருக்குக் கொண்டுபோகிறீர்களா? எதையும் திருத்தும் முன், பழைய கம்பைலரிலேயே ஒவ்வொரு ஸ்ட்ரக்டின் சைஸ்ஆஃப் (மொத்த பைட் அளவு), ஒவ்வொரு மெம்பரின் ஆஃப்செட்ஆஃப் (அது தொடங்கும் இடம்) எல்லாவற்றையும் பிரின்ட் செய்து, அந்த எண்களை ஸ்டேட்டிக் அசெர்ட்டாக, அதாவது பொருந்தாவிட்டால் கம்பைலே ஆகாத சோதனையாகக் கோடிலேயே போட்டுவிடுங்கள். சி11 முதல் இது மொழியிலேயே இருக்கிறது. அப்புறம் புதிய கம்பைலர் எங்கே முரண்படுகிறது என்பதை அதுவே சொல்லிவிடும்.

பேடிங் (மெம்பர்களுக்கு நடுவில் கம்பைலர் விடும் காலி பைட்டுகள்) பிரச்சினைக்கு பிஎம்பி படஃபைலின் தொடக்கத்தில் வரும் ஹெடர் நல்ல உதாரணம். ஃபைலில் அது 14 பைட். ஆனால் முதல் மெம்பர் 2 பைட், அடுத்தது 4 பைட் என்பதால் கம்பைலர் நடுவில் 2 பைட் காலியாக விட்டு அதை 16 ஆக்கிவிடும். காலி இடம் விடாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் பிராக்மா பேக் புஷ் 1 போட்டால் சரியாகும், இதை மைக்ரோசாஃப்ட் கம்பைலர், ஜிசிசி, கிளாங் மூன்றுமே ஏற்கும். முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப பாப் போட மறக்காதீர்கள், மறந்தால் அதன்பின் இன்க்ளூட் ஆகும் ஹெடர் ஃபைல்களில் உள்ள ஸ்ட்ரக்டுகளும் பேக் ஆகி, சம்பந்தமே இல்லாத இடத்தில் கிராஷ் வரும். லாங் டைப்பையும் தூக்கிவிடுங்கள்: 64 பிட் விண்டோஸில் அது 4 பைட், லினக்ஸில் 8.

பேக் செய்த மெம்பரின் முகவரியைப் பாயின்டரில் எடுக்கவே எடுக்காதீர்கள். அது தன் அளவுக்கு ஒத்த முகவரியில் இல்லாமல் போகலாம்: எக்ஸ்86 பிராசசரில் பெரும்பாலும் ஓடிவிடும், கார்டெக்ஸ் எம்0 பிராசசரில் ஹார்ட் ஃபால்ட் ஆகி நின்றுவிடும். மெம்காப்பியால் பைட்டுகளை நகலெடுத்தால் போதும்.

பிட்ஃபீல்டுதான் (மெம்பருக்குச் சில பிட் மட்டும் ஒதுக்குவது) பெரிய தலைவலி, ஏனென்றால் பேக் போட்டாலும் அது தீராது. கேர் டைப்பில் 4 பிட், அடுத்து இன்ட் டைப்பில் 4 பிட் என்று வைத்துப் பாருங்கள்: எக்ஸ்86 லினக்ஸ் ஜிசிசியில் ஸ்ட்ரக்ட் 4 பைட், மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் 8, டைப் மாறினால் அது புது யூனிட் தொடங்கிவிடுகிறது. பேக் 1 போட்டால் முறையே 1, 5. ஜிசிசியில் எம்எஸ் பிட்ஃபீல்ட்ஸ் என்ற ஆப்ஷன் இதற்காகவே இருக்கிறது, ஆனால் பிட்டுகளின் வரிசைக்கு அது உதவாது. லிட்டில் எண்டியனில் (எண்ணின் கீழ் பைட்டை முதலில் வைக்கும் மெஷின்) வழக்கமாகக் கீழ் பிட்டிலிருந்து நிரப்புவார்கள், பிக் எண்டியனில் (மேல் பைட் முதலில்) மேலிருந்து. லினக்ஸ் கெர்னலின் ஐபி ஹெடரில் வெர்ஷன், ஹெடர் நீளம் இரண்டும் இரண்டு வரிசையிலும் எழுதி, எண்டியனுக்கேற்ற ஒன்றை மட்டும் எடுக்க இஃப்டெஃப் போட்டிருப்பது இதனால்தான். இன்னொன்று, வெறும் இன்ட் என்று ஒரே பிட் கொடுத்தால் பல கம்பைலர்களில் அதில் 1 நிற்காது, -1 ஆகிவிடும். அன்சைன்ட் (மைனஸ் இல்லாத எண்) என்று எழுதுங்கள்.

என்னைக் கேட்டால், வெளியே போகும் டேட்டாவில் பிட்ஃபீல்டே வேண்டாம். ஒரு பைட் அரேயில் படித்து, ஷிஃப்டும் மாஸ்கும் வைத்து நீங்களே பிரித்தெடுங்கள். கோடு கொஞ்சம் நீளும், ஆனால் எந்த கம்பைலரிலும் எந்த எண்டியனிலும் ஒரே விடைதான். ஒரே கவனம்: பைட்டை 24 இடம் நகர்த்தும் முன் அதை 32 பிட் அன்சைன்டாக காஸ்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது சைன்ட் இன்ட்டாக மாறி ஓவர்ஃப்ளோ ஆகும்.