மூன்றாம் வகுப்பில் எண்ணுணர்வு: ஆசிரியர் தனக்கான ஒரு பருவத் திட்டத்தைப் போடுவது எப்படி?

பயிற்சியில் வளர்ச்சித் திட்டப் படிவத்தைக் கொடுத்தால் நம்மில் பலரும் எழுதுவது, ‘மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துவேன்’. இந்த வரியை வைத்துக்கொண்டு நாளைக் காலை வகுப்பில் எதை மாற்றுவது? எதையும் மாற்ற முடியாது. எண்ணுணர்வை, அதாவது எண்களின் அளவையும் அவற்றுக்கு இடையிலான உறவையும் உணர்ந்து கையாளும் திறனை வளர்க்க, என் மூன்றாம் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நடத்திப் பார்த்த திட்டத்தை இங்கே தருகிறேன். தமிழக அரசின் தொடக்க வகுப்புத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ கையேடு கையில் இருக்கிறது, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ஒவ்வொரு பிள்ளையோடும் ஐந்து நிமிடம்

எழுத்துத் தேர்வை நம்பித் திட்டம் போடாதீர்கள். 8 + 5 என்று கொடுத்தால் மூன்று பிள்ளைகளும் 13 என்று எழுதுவார்கள், மூன்று பேருக்கும் சரி போடுவோம். பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைப் பாருங்கள். ஒருத்தி எட்டு கோடு, ஐந்து கோடு போட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுவாள். ஒருவன் எட்டை மனதில் வைத்து ஒன்பது, பத்து என்று மேலே போவான். மூன்றாவது பிள்ளை விரலையே தொடாமல், ‘எட்டும் ரெண்டும் பத்து, இன்னும் மூணு’ என்று சொல்லிவிடும். விடை ஒன்றுதான், ஆனால் மூவரும் மூன்று இடத்தில் நிற்கிறார்கள்.

நான் கேட்பவை நான்கே நான்கு:

- ஐந்து புளியங்கொட்டையை ஒரு நொடி காட்டி மூடிவிட்டு, எத்தனை என்று கேட்பது.
- 8 + 5. எப்படிக் கண்டுபிடித்தாய்?
- 52 − 49. கடன் வாங்கிக் கழிக்கிறதா, 49க்குப் பக்கத்தில்தானே 52 என்று பார்க்கிறதா?
- ‘நூற்று ஐந்து’ எழுதச் சொல்வது. நிறையப் பிள்ளைகள் 1005 என்று எழுதும். கேட்டதை அப்படியே எழுதுகிறது: நூறுக்கு 100, பக்கத்தில் 5.

இந்த ஐந்து நிமிடத்தில் திருத்தவே கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: இலக்கு எழுதுவது

ஆசிரியர்கள் அதிகம் தடுக்கி நிற்கும் படி இதுதான். குறிப்பைப் பார்த்ததும் கழித்தல், இடமதிப்பு, வாய்ப்பாடு எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் சரிசெய்யத் தோன்றும். ஒன்றை மட்டும் எடுங்கள். அப்புறம் அதை இரண்டு வாக்கியமாக எழுதுங்கள்:

‘ஒன்றிலிருந்து எண்ணிக் கூட்டும் பிள்ளைகள் பருவ முடிவில் பத்தை நிரப்பிக் கூட்டுவார்கள். அதற்காக நான் தினமும் கணக்குப் பாடவேளையின் முதல் பத்து நிமிடம் பத்துக்கட்டத்தைக் காட்டி, “எப்படித் தெரிந்தது?” என்று கேட்பேன்.’

பத்துக்கட்டம் என்பது வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசையில் பத்துக் கட்டங்கள். முதல் வாக்கியம் பிள்ளைகளைப் பற்றியது, இரண்டாவது உங்களைப் பற்றியது. இரண்டாவது இல்லையென்றால் அது பிள்ளைகளுக்கான திட்டம், ஆசிரியரின் வளர்ச்சித் திட்டம் ஆகாது. அதில் வரும் வினைச்சொல்லும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘ஊக்குவிப்பேன்’ என்று எழுதினால் செய்தோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘கேட்பேன்’, ‘காட்டுவேன்’ என்று எழுதினால் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து பார்த்துச் சொல்லிவிடலாம்.

படி 3: பொருள்கள்

பத்துக்கட்டத்துக்குச் சத்துணவுக் கூடத்தில் கிடைக்கும் முட்டை அட்டையைவிட நல்ல பொருள் எதுவும் இல்லை. 30 முட்டை அட்டையில் ஐந்துக்கு ஆறு குழிகள். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் மூன்று பத்துக்கட்டங்கள் கிடைக்கும். 8 + 5க்கு எட்டுக் குழியில் கொட்டை போட்டால் காலியாக இருக்கும் இரண்டு குழி கண்ணில் படும். மீதி ஐந்திலிருந்து இரண்டை எடுத்து அங்கே வைக்கப் பிள்ளையின் கை தானாகப் போகும். கடையில் விற்கும் வண்ண வண்ணக் கணித உபகரணப் பெட்டிகளைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன். தொலைந்தாலும் உடைந்தாலும் கவலையில்லை, வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம்.

பல்லாங்குழியையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். குழியில் நான்கு சேர்ந்ததும் எண்ணிப் பார்க்காமலே ‘பசு’ என்று எடுக்கிறார்களே, பார்த்ததும் எத்தனை என்று அறியும் திறன் அதுதான்.

1005 எழுதுபவர்களுக்கு இடமதிப்பு அட்டை போதும். 100 என்ற நீள அட்டையின் வலது ஓரத்துச் சைபரின்மேல் 5 என்ற சின்ன அட்டையை வைத்தால் 105.

படி 4: கேட்டுவிட்டுக் காத்திருப்பது

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதியது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். வாரம் ஒரு நாள் போனை மேசையில் வைத்து அந்தப் பத்து நிமிடத்தை ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். யார் அதிகம் பேசுகிறார்கள், நாமா அவர்களா என்பது முதல் பதிவிலேயே தெரிந்துவிடும்.

படி 5: சான்று

தனிக் கோப்பெல்லாம் வேண்டாம், ஒரு கோடு போட்ட நோட்டு போதும். பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு, அது சொன்ன வழியை ஒரு வரியில் எழுதுங்கள். பருவத்தின் நடுவிலும் முடிவிலும் அதே வகைக் கேள்விகளை எண்களை மாற்றிக் கேளுங்கள்: 9 + 6, 71 − 68, ‘இருநூற்று ஏழு’. பாதிப் பருவத்தில் அசைவே இல்லை என்றால் மாற்ற வேண்டியது திட்டத்தின் இரண்டாவது வாக்கியத்தை.

பின்னர் சேர்த்தவை

*ஈராசிரியர் பள்ளி, தனியாகப் பேச எங்கே நேரம்?* ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மற்றவர்கள் பயிற்சி நூலில் எழுதும் நேரத்தில் தினம் இரண்டு பேர் போதும். அரும்பு நிலைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள்.

*கேட்டதும் ஒருவன் விடையைக் கத்திவிடுகிறான்.* கை தூக்கச் சொல்லாதீர்கள். விடை தெரிந்தவர்கள் கட்டைவிரலை நெஞ்சருகே வைத்துக் காட்டட்டும். இரண்டாவது வழி கிடைத்தால் இன்னொரு விரல். முதலில் முடித்தவனுக்கும் வேலை இருக்கும், யோசித்துக்கொண்டிருப்பவளுக்கும் நேரம் கிடைக்கும்.

*நோட்டில் கணக்கே இல்லையே என்று பெற்றோர் கேட்கிறார்கள்.* 52 − 49 என்ற ஒரே கணக்குக்குப் பிள்ளைகள் சொன்ன வழிகளை, சொன்னவர் பெயரோடு நோட்டில் எழுத வையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையே அந்தப் பக்கத்தைத் திறந்து விளக்கட்டும்.