பொழியோர வேப்பமரம் நம்ம பட்டாவுலயே இல்லீங்க

கோபிசெட்டிபாளையம் பக்கம் நம்ம தோட்டத்துப் பொழியோரம், அதாவது எல்லை வரப்போரம், ஒரு வேம்பு, கிளை வீட்டு ஓட்டு மேல சாஞ்சிருச்சு. மர வியாபாரி பட்டா நெலந்தானுங்க, பர்மிஷன் வேண்டாம்னாரு. சந்தேகத்துல ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு நாலு நாள் போச்சு. கடைசில ஆன்லைன்ல எஃப்எம்பி, அதாவது நெலத்தோட அளவு போட்ட சர்வே படம், எடுத்து எல்லை காட்டற அத்துக்கல்லுல இருந்து டேப் புடிச்சேன், ஒத்தே வரல, அப்பறந்தான் பாத்தேன், படத்துல இருக்கறது மீட்டர், நான் புடிச்சது அடி. திருப்பி அளந்தா மரம் முச்சூடும் வண்டிப்பாதை புறம்போக்குல நிக்குது, அரசாங்க மரம்! வருவாய் கோட்டாட்சியருக்கு (ஆர்டிஓ) மனு குடுத்து, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) வந்து பாத்து, உத்தரவு கைக்கு வந்தப்பறம்தான் கிளைய வெட்டுனோம், நிம்மதி. பக்கத்துப் பனைய தொடலீங்க, அத வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லிட்டாங்க. சந்தனமரம்னா சொந்த நெலமா இருந்தாலும் வனத்துறைகிட்டதான் போகோணும்.