குளிர்காலச் சகதியில் குடும்பத்தோடும் நாயோடும் ஓடுவது எப்படி? முதல் தடவைக்கான செய்முறை

நவம்பர் தொடங்கி மார்ச் வரைக்கும் லண்டனைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகள் பலவும் சகதிதான். அடியில் களிமண் என்பதால் மழைத்தண்ணீர் இறங்காது. காய வைக்கிற அளவுக்கு வெயிலும் அடிக்காது. இதைக் காரணம் சொல்லி நம் வீடுகளில் பலர் பிள்ளைகளையும் நாயையும் குளிர்காலம் முழுக்க உள்ளேயே வைத்திருக்கிறார்கள். வெளியே கூட்டிப் போங்கள். பிள்ளைகள் தாமாகவே ஓட ஆசைப்படும் ஒரே தரை சேறுதான் என்பது என் அனுபவம்.

1. முடிவிலிருந்து தொடங்குங்கள்

ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவாகக் குளிராது. நின்ற பிறகுதான் குளிர் பிடிக்கும். நனைந்த சட்டையும் ஊறிய சாக்ஸுமாக ஐந்து நிமிடம் நின்றால் சின்னப் பிள்ளைக்குப் பல் கிட்ட ஆரம்பித்துவிடும். அதனால் ஷூவைத் தேடுவதற்கு முன்னால், திரும்பி வந்ததும் தேவைப்படும் பையைக் கட்டுங்கள். ஆளுக்கொரு காய்ந்த பனியன், கால்சட்டை, சாக்ஸ், குல்லா. நாய்க்குத் தனியாக இரண்டு பழைய துண்டு. ஒரு கேனில் தண்ணீர்: வீட்டில் சூடாகப் பிடித்து வைத்தால், ஓடி முடித்து வரும்போது கைபொறுக்கும் சூட்டில் இருக்கும். பிளாஸ்கில் குடிக்க ஏதாவது சூடாக. எங்கள் வீட்டில் அது மிளகு ரசம். டீயை விட அதைத்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

2. உடுப்பு

உடம்பை ஒட்டிப் போடும் துணி பருத்தியாக இருக்கக் கூடாது. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். சாதாரண பாலியெஸ்டர் விளையாட்டு பனியன் போதும். சாக்ஸ் மட்டும் கம்பளியாக இருந்தால் நல்லது, ஈரத்திலும் கால் கதகதப்பாக இருக்கும். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு.

ஷூ விஷயத்தில் பெரியவர்களுக்கு அடியில் கட்டை கட்டையாகப் பிடிப்பு உள்ள டிரெயில் ஷூ தேவை. ரோட்டில் ஓடும் ஷூ சேற்றில் வழுக்கிவிடும். பிள்ளைகளுக்குப் புதிதாக வாங்க வேண்டாம், ரப்பர் குமிழ் வைத்த பழைய ஃபுட்பால் ஷூ புல்வெளிச் சேற்றுக்குப் போதும். வெல்லிங்டன் பூட்ஸ் குட்டையில் குதிக்கத்தான். அதைப் போட்டு ஓடினால் குதிகால் உரிந்துவிடும்.

3. நாய்

வளரும் குட்டியை ஓட்டத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். எலும்பு முற்ற வேண்டும். இனத்தைப் பொறுத்து அதற்கு ஒரு வயது, பெரிய நாய் என்றால் ஒன்றரை வயதுகூட ஆகும். கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு நடைதான் நல்லது. வயிறு நிறையச் சாப்பாடு போட்ட கையோடு ஓடவிடக் கூடாது.

கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் போடுங்கள். கயிறு பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். காய்ந்த தரையில் சமாளிக்கிற பிள்ளையையும் சேற்றில் நாய் ஒரே இழுப்பில் விழத்தட்டிவிடும். அப்புறம், "மெதுவா", "நில்லு" இரண்டையும் முன்கூட்டியே தெருவில் பழக்குங்கள். எந்த மொழியாக இருந்தாலும் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். பாட்டி தமிழிலும் பேரன் ஆங்கிலத்திலும் கட்டளையிட்டால் நாய்க்குக் குழப்பம்தான்.

4. இடமும் நேரமும்

முதல் தடவைக்கு எப்பிங் காட்டைச் சொல்வேன். ஏறக்குறைய 2,400 ஹெக்டேர். 1878இல் வந்த சட்டத்தால் பொதுமக்களுக்கென்று காப்பாற்றப்பட்ட காடு. சிங்ஃபோர்ட் ஸ்டேஷனில் இறங்கிச் சிறிது நடந்தால் எட்டாம் ஹென்றிக்காக 1543இல் கட்டிய வேட்டை மாளிகை. அதையடுத்து அகலமான புல்வெளி. வழி தவறிவிடுமோ என்ற பயமில்லாமல் ஓடலாம். காட்டின் சில பகுதிகளில் நீண்ட கொம்பு மாடுகள் மேயும். தள்ளியே போங்கள். மாடு துரத்தி வந்தால் நாய்க்கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பித்துக்கொள்ளும், நீங்களும் தப்பிப்பீர்கள்.

டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். காலை பத்து மணிதான் நல்ல நேரம்.

5. ஓட்டம்

இருபது நிமிடம் போதும். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. கடைக்குட்டி முன்னால் ஓடட்டும், கூடவே ஒரு பெரியவர்; நாயைப் பிடித்தவர் கடைசியில். வேகத்தை அந்தக் கடைசிப் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும்.

அடி சின்னதாக வையுங்கள். பார்வை காலடியில் இல்லாமல் நாலைந்து அடி முன்னால் இருக்கட்டும். குட்டை வந்தால் நடுவிலேயே போங்கள். ஓரமாகச் சுற்றிப் போகப் போகப் பாதை அகன்று, கரையில் உள்ள செடிகள் மிதிபட்டு அழிகின்றன. விழுந்த இலைக்கடியில் வேர் மறைந்திருக்கும். நனைந்த பலகைப் பாலம் சேற்றை விட மோசமாக வழுக்கும், அங்கே நடந்தே ஆக வேண்டும்.

6. நின்றவுடன்

முதலில் பிள்ளைக்கு உடை மாற்றுங்கள், பிறகு ரசம். அடுத்தது நாய். அதன் கால், வயிறு, விரலிடுக்கு எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அலபாமா ராட் என்று ஒரு நோய் 2012 முதல் பிரிட்டனில் நாய்களிடம் கண்டறியப்பட்டு வருகிறது. மிக அரிது; காரணம் இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் பெரும்பாலும் நவம்பர் முதல் மே வரை, சகதியான இடங்களுக்குப் போய்வந்த நாய்களுக்கு வருகிறது. காலில் புண் வந்து பின் சிறுநீரகம் பழுதாகும். காரணம் தெரியாத புண் கண்ணில் பட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கழுவும்போதே உண்ணி இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். பனிக்காக ரோட்டில் தூவும் உப்பை நாய் பாதத்திலிருந்து நக்கிவிடும் ஆபத்தும் இந்தக் கழுவலில் போய்விடும்.

ஷூவை ரேடியேட்டர் மேல் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஊறியதும் மாற்றுங்கள்.

சில வாரம் பழகிய பிறகு சனிக்கிழமை காலை பூங்காக்களில் நடக்கும் பார்க்ரன் என்ற பொது ஓட்டத்துக்குப் போகலாம். 2004இல் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது. 5 கிலோமீட்டர், இலவசம். நாயைப் பல இடங்களில் விடுவார்கள், ஆனால் ஆளுக்கு ஒன்றுதான், கையில் பிடித்த குட்டைக் கயிற்றோடு. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் ஓட வேண்டும். நாயும் சின்னப் பிள்ளையும் ஒரே ஆளிடம் வேண்டாம், இரண்டு பெரியவர்களாகப் போங்கள். 4 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை 2 கிலோமீட்டர் ஓட்டம் தனியாக உண்டு. அதில் நாய்க்கு இடமில்லை.