மதுரையிலிருந்து மியூனிக்: பீர் திருவிழாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது இடித்துப் பிடித்து நின்றவர்களுக்கு ஜெர்மனியின் மியூனிக்கில் நடக்கும் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழாக் கூட்டம் பெரிய விஷயமில்லை. சிக்கல் வேறு: கூடாரத்தில் உட்கார இடம் பிடிக்காதவருக்கு பீர் தர மாட்டார்கள். மற்றத் திட்டமெல்லாம் இதை வைத்துத்தான்.

தேதி, விசா, அறை

செப்டம்பர் 15-க்குப் பிறகு வரும் சனிக்கிழமை நண்பகல், நகர மேயர் முதல் பீப்பாயைத் திறப்பார். 2026-ல் அது செப்டம்பர் 19; திருவிழா அக்டோபர் 4 வரை. அக்டோபர் நடுவில் டிக்கெட் போட்டுவிட்டுக் காலி மைதானத்தைப் பார்த்துத் திரும்பாதீர்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்த நாட்களில் மியூனிக்கில் அறை வாடகை எகிறிவிடும். பக்கத்து ஊரான ஆக்ஸ்பர்க்கில் தங்கினால் விரைவு ரயிலில் அரை மணி நேரத்துச் சொச்சம்தான்.

இடம் பிடிப்பது

மைதானத்துக்குள் போக டிக்கெட் தேவையில்லை. திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள், காலை 11 மணிக்குள் தெரேசியன்வீஸே மெட்ரோ நிலையத்தில் இறங்கிவிடுங்கள். சனிக்கிழமை மதியம் போனால் கூடாரக் கதவையே சாத்தியிருப்பார்கள். முன்பதிவு 8 அல்லது 10 பேர் உட்காரும் முழு மேசைக்குத்தான். இரண்டு பேர் போகிறவர்களுக்கு அது வேண்டாம். முன்பதிவு நேரம் எழுதிய மேசையில் அந்த நேரம்வரை உட்காரலாம், பரிமாறுபவரைக் கேட்டுவிட்டு. பை 20×15×10 செ.மீ.க்கு மேல் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். முதுகுப்பையை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அளவு தெரிந்து குடிப்பது

நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். அங்கே கொடுக்கும் கண்ணாடிக் குவளைக்கு மாஸ் என்று பெயர். கொள்ளளவு 1 லிட்டர். திருவிழாவுக்கென்றே காய்ச்சும் பீர் என்பதால் ஆல்கஹால் 6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு மாஸில் சுத்த ஆல்கஹால் 60 மி.லி. நம் ஊர் 42.8% சரக்கு ஒரு லார்ஜில் (60 மி.லி.) இருப்பது சுமார் 26 மி.லி. ஆக ஒரு மாஸ் என்பது இரண்டு லார்ஜைத் தாண்டிய சங்கதி. இனிப்பாக, வழுவழுவென்று இறங்குவதால் இது வாயில் தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். புதியவர்களுக்கு இரண்டு மாஸ் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் தொடங்கவே வேண்டாம். பாதிக் கோழி வறுவல் பெரும்பாலான கூடாரங்களில் உண்டு, நம் நாக்குக்கும் ஒத்துவரும். சைவம் என்றால் கேஸ்ஷ்பெட்ஸ்லே, அதாவது சீஸ் போட்ட முட்டை நூடுல்ஸ், கேளுங்கள். முட்டையும் ஆகாதென்றால் பிரெட்செல் ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2025-ல் ஒரு மாஸ் 14.50 முதல் 15.80 யூரோ. குவளை வந்தவுடனே பணம் கொடுக்க வேண்டும், கூட ஒன்றிரண்டு யூரோ டிப்ஸ். சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள். குவளையில் 1 லிட்டர் கோடு இருக்கும். நுரை அடங்கியபின் பீர் அதற்குக் கீழே நின்றால் நிரப்பித் தரச் சொல்லலாம், அதில் கூச்சமே வேண்டாம். பெஞ்சில் ஏறி ஆடலாம், மேசையில் ஏறக் கூடாது. குவளையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது திருட்டு. நினைவுக்கு வேண்டுமென்றால் கடையில் விற்கிறார்கள்.

ப்ரூ பப்

ப்ரூ பப் என்றால் பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் விடுதி. உண்மையில் ருசி தெரிய வேண்டுமானால் இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். திருவிழாக் கூடாரங்களில் மியூனிக்கின் ஆறு ஆலைகளின் பீர் மட்டுமே. மியூனிக் விமான நிலையத்திலேயே ஏர்ப்ராய் என்ற ப்ரூ பப் இருக்கிறது, விமானத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு வசதி. பாம்பெர்க் ஊர் ஷ்லெங்கெர்லா விடுதியில், பீச் (beech) மர விறகுப் புகையில் உலர்த்திய மால்ட்டில், அதாவது முளைகட்டிய தானியத்தில், காய்ச்சுகிறார்கள். முதல் மிடறில் முகம் சுளிக்கும், அரைக் குவளைக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். கொலோனில் 200 மி.லி. கிளாஸ்தான். காலியாகக் காலியாக, கேட்காமலே அடுத்தது வந்துகொண்டிருக்கும். போதுமென்றால் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடி வையுங்கள். அந்த அட்டையில் போட்ட கோடுகள்தான் பில், தொலைத்துவிடாதீர்கள்.

செக் நாட்டுக்குப் போனால் பலகையில் 10°, 12° என்று எழுதியிருக்கும். அது ஆல்கஹால் சதவீதம் அல்ல, நொதிக்குமுன் மால்ட் கரைசலில் இருந்த சர்க்கரையின் அளவு. 12° பீரில் ஆல்கஹால் சுமார் 5%.

பல வகை ருசி பார்க்க, வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்புக்குப் போங்கள். கசப்பும் புகையும் கடைசியில். திருப்பிப் போட்டால் லேசான பீர் தண்ணீராகத் தெரியும். டாஸ்மாக் ஃபிரிட்ஜ் குளிரை எதிர்பார்த்து ஐஸ் கேட்காதீர்கள். அந்தக் குளிரில் மால்ட் வாசனை எழும்பாது.

ஊருக்குக் கொண்டுவர

சுங்கத்தில் வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர் மது, அதாவது அரை லிட்டர் பாட்டில் நான்கு. துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகலாம். பச்சை பாட்டில் வெயில் பட்டால் நாற்றமடிக்கும், அதனால் பழுப்பு பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். மதுரைச் சூட்டில் அலமாரியில் நிற்க வைக்காமல் நேராக ஃபிரிட்ஜுக்கு. கோதுமை பீர் என்றால் கடைசி இரண்டு விரற்கடையைப் பாட்டிலோடு சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்றுங்கள்.