ஒரே நோய், ஒரு புத்தகத்தில் நான்காம் ஸ்டேஜ், இன்னொன்றில் முதல் ஸ்டேஜ்

டான்சிலிலோ நாக்கின் அடிப்பகுதியிலோ எச்பிவி வைரஸால் வந்த புற்றுநோயை அறுவை செய்து எடுத்தாயிற்று. பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் ஒருவர் போனை எடுத்துத் தேடத் தொடங்குவார். தேடுவதில் தப்பில்லை. பழைய அட்டவணையில் போய் மாட்டிக்கொள்வதுதான் தப்பு.

டான்சிலில் 2 செ.மீ. கட்டி, அதே பக்கக் கழுத்தில் மூன்று சிறிய நெறிக்கட்டிகளில் புற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்கு ஸ்டேஜ் வகுக்கும் அமெரிக்கக் குழுவான ஏஜேசிசியின் கையேட்டில், 7ஆம் பதிப்பின்படி இது ஸ்டேஜ் 4ஏ. 2018 முதல் நடைமுறைக்கு வந்த 8ஆம் பதிப்பில், பி16 என்ற புரதச் சோதனை பாசிட்டிவாக இருந்தால், ஸ்டேஜ் 1. அறுவைக்குப் பின் இந்தப் பதிப்பு பார்ப்பது புற்று பரவிய நெறிக்கட்டிகளின் எண்ணிக்கையை: நான்கு வரை ஒரு பிரிவு, ஐந்து முதல் வேறு பிரிவு. எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்பதெல்லாம் ஸ்கேனை வைத்து முன்கூட்டிப் போடும் ஸ்டேஜுக்கான கணக்கு. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பி16 பாசிட்டிவ் என்றாலே வைரஸ்தான் காரணம் என்று முடிவுகட்டுவது இதைவிடப் பெரிய பிழை. பி16 ஒரு புரதம். வைரஸ் இருப்பதற்கான அடையாளம், வைரஸே அல்ல. 2023இல் வெளியான, 7,654 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வில் இரண்டும் பாசிட்டிவாக இருந்தவர்களில் 81.1% பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்திருந்தார்கள். பி16 பாசிட்டிவ், வைரஸ் நெகட்டிவ் என்றிருந்தவர்களில் 54.7%தான். எச்பிவி குறைவாகக் காணப்படும் இடங்களில் இந்த முரண் அதிகம். புகையிலையே பெருங்காரணமாக உள்ள நம் நாட்டில் வைரஸுக்கான நேரடிச் சோதனையும் செய்தார்களா என்று கேட்பது நல்லது.

வைரஸால் வந்த புற்றில் 'மூன்று ஆண்டில் 82%' பேர் உயிரோடு இருந்தார்கள் என்ற எண்ணும் அடிக்கடி கண்ணில் படும். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில் இருந்தவர்கள் கதிர்வீச்சும் கீமோவும் எடுத்தவர்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அதே ஆய்வு காட்டிய இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: தினம் ஒரு பாக்கெட் வீதம் பத்து ஆண்டுக்கு மேல் புகைத்தவருக்கு, வைரஸ் தரும் சாதகம் குறைகிறது. டாக்டரிடம் இதை மறைத்தால் கணிப்பே தவறிவிடும்.

"ஸ்டேஜ் 1தானே, கதிர்வீச்சு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. வெட்டிய விளிம்பில் புற்று மிச்சமிருக்கிறதா, நெறிக்கட்டியின் உறையைத் தாண்டியதா என்பதையும் பார்த்துத்தான் அதை முடிவு செய்கிறார்கள்.