“இதெல்லாம் சகஜம்” என்று சொல்வதற்கு முன்: கர்ப்பம் முதல் மாதவிடாய் நிற்கும் காலம் வரை நாம் செய்யும் தவறுகள்

ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி ஏதாவது சொன்னதும் வீட்டில் முதலில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: “இதெல்லாம் சகஜம், எல்லாருக்கும் வர்றதுதான்.” ஆறுதலாகத்தான் சொல்கிறோம். பாதி நேரம் அது உண்மையும்கூட. கர்ப்பத்தில் கால் வீங்கும், பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் அழுகை வரும், மாதவிடாய் நிற்கும் வயதில் தூக்கம் கெடும். ஆனால் ஆபத்தும் இதே அறிகுறிகளோடுதான் வருகிறது. இரண்டு முறை “சகஜம்” என்று கேட்டுவிட்டவர் மூன்றாவது முறை வாயைத் திறக்க மாட்டார். இந்தக் கட்டுரையில் வரும் தவறுகள் பலவும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

“கர்ப்பம் உறுதியானதும் பார்த்துக்கலாம்”

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உருவாகி ஏறக்குறைய 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், பரிசோதனை செய்து, டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அதனால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும்: தினமும் 400 மைக்ரோகிராம், 12 வாரம் முடியும் வரை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் அளவு கூடுதலாகத் தேவைப்படலாம். அதை டாக்டர் முடிவு செய்வார்.

கர்ப்பம் தெரிந்த நாளே பழைய மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. குழந்தைக்கு ஆகாது என்ற பயத்தில் செய்வது. வலிப்பு, ஆஸ்துமா, தைராய்டு, மன அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் தாய்க்கும் குழந்தைக்கும் அதுவே கேடாக முடியலாம். தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கான மருந்தின் அளவைக் கர்ப்பத்தில் பெரும்பாலும் கூட்ட வேண்டியே வரும். சில மருந்துகளை மாற்றத்தான் வேண்டும்; ஆனால் அதைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், தானாக அல்ல.

ஸ்கேன் நன்றாக இருந்தது, அப்புறம் எதற்கு மாதாமாதம் போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கேன் முக்கியமாகக் குழந்தையைக் காட்டும். தாயின் ரத்த அழுத்தமும், சிறுநீரில் புரதமும், ரத்தசோகையும் அதில் தெரியாது. குறைந்தது 8 முறையாவது பார்க்க வேண்டும், முதல் முறை 12 வாரத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் சொல்லிவருகிறது.

இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டியதில்லை. முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரி அநேகமாகத் தேவையே இல்லை. இரும்புச்சத்து மாத்திரைதான் உண்மையில் தவறிப்போகிறது. மலச்சிக்கல், குமட்டல், கறுப்பாக மலம் போவது என்று பயந்து பலர் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். திட்டினால் ஒளிப்பார்கள். வேறு மாத்திரை கேட்கலாம். டீ, காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காமல் இடைவெளி விட்டுச் சாப்பிடலாம்.

“காலையில போய்க்கலாம்”

இந்த வார்த்தைதான் எனக்கு அதிகம் பயம் தருவது. 20 வாரத்துக்கு மேல் விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, வலது பக்க மேல்வயிற்றில் வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது, இவையெல்லாம் கர்ப்பகால ரத்த அழுத்த நோயின் அறிகுறிகள். பிபி 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். விட்டால் வலிப்பு வரை போகும். கால் வீக்கம் சகஜம்தான். தலைவலியோடு வரும் வீக்கம் சகஜமல்ல.

குழந்தையின் அசைவும் அப்படித்தான். “கடைசி மாதத்தில் இடம் இல்லை, அதனால் அசைவு குறையும்” என்பது தவறான நம்பிக்கை. அசையும் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. குறைந்ததாகத் தோன்றினால் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் கருவி வைத்து இதயத்துடிப்பைக் கேட்டுத் திருப்திப்பட வேண்டாம். துடிப்பு கேட்பதாலேயே குழந்தை நலம் என்று ஆகிவிடாது. ரத்தப்போக்கோ, பனிக்குடம் உடைந்து நீர் வருவதோ இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வீணாக அலைந்தோமே என்று யாரும் அவரிடம் முகம் சுளிக்கவும் கூடாது.

பிரசவ அறையைப் பற்றி ஒன்று மட்டும். உடன் யார் இருக்க வேண்டும் என்பதை அவரே சொல்ல வேண்டும். குடும்பம் கூடி முடிவு செய்வது தவறு. விடாமல் ஒருவர் துணை இருந்தால் வலி நேரம் குறைகிறது, சிசேரியன் வாய்ப்பும் குறைகிறது என்று ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. சிசேரியன் ஆனாலும், வலி மறக்க ஊசி கேட்டாலும், அதைத் தோல்வி போலப் பேசாதீர்கள்.

“குழந்தை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?”

பிரசவம் முடிந்த நிமிடமே எல்லார் கண்ணும் குழந்தை பக்கம் திரும்பிவிடுகிறது. பிரசவத்தோடு தொடர்புடைய தாய்மார் மரணங்களில் கணிசமானவை அதற்குப் பிறகான நாட்களில்தான் நடக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தால் அது அவசரம். காய்ச்சல், நாற்றத்தோடு கசிவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் எல்லாமே அவசரம்தான். ஓய்வு என்ற பெயரில் நாள் முழுக்கப் படுக்கவே வைத்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். மெல்ல நடக்க விடுங்கள். ரத்த அழுத்தப் பிரச்சினை பிரசவத்தோடு முடிந்துவிடாது. அடுத்த 6 வாரத்துக்குள்கூட வரலாம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளை மறக்காத நாம், தாயின் 6-வது வாரப் பரிசோதனையைச் சுலபமாக மறந்துவிடுகிறோம்.

மனம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள், நான்காம் நாள் தொடங்கும் அழுகையும் எரிச்சலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் ஒட்டுதல் இல்லாவிட்டால், “நான் நல்ல அம்மா இல்லை” என்றே பேசிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு. பத்தில் ஒருவருக்காவது வருகிறது. குணமாக்கக்கூடியது, பாலூட்டும்போதே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. “குழந்தை முகத்தைப் பார், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லும்போது அவருடைய குற்ற உணர்ச்சியைத்தான் கூட்டுகிறோம். ஆயிரத்தில் ஒருவர், இருவருக்கு இன்னும் தீவிரமாக, யாரோ பேசுவது போலக் கேட்பது, குழப்பம், நாள் கணக்கில் தூங்காமல் இருப்பது என்று வரும். அப்போது தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் உடனே அழைத்துப் போக வேண்டும்.

“நல்லா இருக்கியா?” என்று கேட்டால் “ம்” என்றுதான் பதில் வரும். “நேற்று ராத்திரி சேர்ந்தாற்போல எத்தனை மணி நேரம் தூங்கினாய்?” என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் என்றால், அறிவுரையை விட்டுவிட்டுக் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவதைப் பலர் வெளியே சொல்வதே இல்லை. பிரசவமான பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது உண்டு. இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியைச் சரியாகக் கற்று மூன்று மாதம் செய்தால் பெரும்பாலும் குறையும். அப்புறம், மாதவிடாய் திரும்பவில்லை என்பதால் கரு தங்காது என்று நம்ப வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகான முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம்.

பலரும் தூக்கிப்போடும் ஒரு கோப்பு

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது, பிரசவத்தோடு போய்விட்டது. பிபி ஏறியது, இறங்கிவிட்டது. “அது முடிஞ்ச கதை” என்று கோப்பைப் பரணில் போடுகிறோம். என் பார்வையில் இது மிகப் பெரிய தவறு. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்தில் ஒரு முறையும், பிறகு அவ்வப்போதும் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வந்தவர்களுக்கு இதய நோய், பக்கவாத அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. 50 வயதில் நெஞ்சு படபடக்கிறது என்று போகும்போது 25 வயதுக் கர்ப்பத்தைப் பற்றி டாக்டர் கேட்காமல் இருக்கலாம். நீங்களே சொல்லுங்கள்.

“வயசானா இப்படித்தான்”

என் அம்மா 49 வயதில் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வார். நைட்டி வேர்வையில் நனைந்திருக்கும். பகலில் சின்ன விஷயத்துக்கும் கோபம். வேலைப்பளு என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். அவரிடம் கேட்கவில்லை. இரண்டு வருடம் இப்படியே போனது.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு. பெரும்பாலும் 45-க்கும் 55-க்கும் இடையில் நிற்கும். ஆனால் உடல் சூடேறுவது, தூக்கமின்மை, மறதி, மூட்டு வலி, பதற்றம் எல்லாம் அதற்குச் சில வருடங்கள் முன்பே தொடங்கலாம். சராசரியாக ஏழு வருடம்கூட நீடிக்கும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் காலமா அது? ஹார்மோன் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு பரவியது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள், தொந்தரவு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் போன்றோருக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு.

எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டுவதும் தவறு. தைராய்டும் ரத்தசோகையும் இதே போலத்தான் தெரியும். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். எலும்புக்கும் இதயத்துக்கும் அது பாதிப்பு. நின்று ஒரு வருடமான பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அலட்சியம் வேண்டாம். பலருக்கு அது சாதாரணக் காரணமாகவே இருக்கும், ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான். பிறப்புறுப்பு வறட்சியும் எரிச்சலும் தானாகச் சரியாவதில்லை. அதற்குத் தனியாகக் களிம்பு இருக்கிறது, வெட்கப்படாமல் கேட்கலாம்.

அம்மாவை ஒருவழியாக டாக்டரிடம் அழைத்துப்போனேன். கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. அம்மா தேதியோடு சொன்னார்.